மாவுச்சத்து குறைந்த காலை உணவு 'பார்' (bar): காட்பாடியில் விடியற்காலை ரயில் ஏறுகிறவர்களுக்கு ஒத்துவருமா?

#1 காட்பாடிப் பயணி
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 46, சர்க்கரை வந்து மூன்று வருடம் ஆகிறது. தினமும் விடியற்காலை காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குகிறேன். போக மட்டும் 130 கிலோமீட்டர். நான் கிளம்பும் நேரத்தில் வீட்டில் யாரையும் எழுப்ப மனம் வருவதில்லை. அதனால் அரக்கோணம் தாண்டியதும் ரயிலில் வருகிற இரண்டு வடையும் சர்க்கரை போட்ட காபியும்தான் காலைச் சாப்பாடு. பசி தாங்கவில்லை என்றால் இறங்கியதும் ஒரு பொங்கல். போன மாதம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்தேன், 8.2. காலையில் மாவுச்சத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சரி, பிரித்துத் தின்னத் தோதாக இருக்குமே என்று கடலை மிட்டாய் மாதிரி துண்டாக உறையில் வருமே, அந்த 'பார்' ஒன்று கடையில் வாங்கினேன். உறையில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். மூன்று நாள் அதைத் தின்று இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தேன். 214, 198, 209. வடை தின்ற நாட்களிலும் கிட்டத்தட்ட இதே எண்கள்தான் வரும். வயிறு வேறு உப்பிக்கொண்டது. வெறும் வயிற்றோடு போகவும் முடியாது, ஐந்து மணிக்குச் சமைக்கவும் முடியாது. இங்கே யாராவது இந்த மாதிரி பாரை ஒழுங்காகப் பயன்படுத்துகிறீர்களா?

#2 சத்துவாச்சாரி டயட்டீஷியன்
சார், அந்த உறையின் பின்பக்கத்தில் உள்ள பொருட்கள் பட்டியலை இங்கே எழுதுங்கள். நம் நாட்டு விதிப்படி எடை அதிகமுள்ள பொருளில் தொடங்கி வரிசையாகப் போட வேண்டும். அதனால் முதல் மூன்று பெயர்களே பெரும்பாலும் விஷயத்தைச் சொல்லிவிடும்.

#3 காட்பாடிப் பயணி
பேரீச்சை விழுது, ஓட்ஸ், மால்டிட்டால், அப்புறம் பாதாம், கோகோ, மோர்ப் புரதம். இந்த வரிசைதான் மேடம்.

#4 சத்துவாச்சாரி டயட்டீஷியன்
இந்த மூன்றே போதும் சார். பேரீச்சையில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து, பெரும்பகுதி சர்க்கரை. தனியாகச் சர்க்கரை கொட்டாததால் 'சேர்க்கப்படவில்லை' என்று போட்டுக்கொள்கிறார்கள். ஓட்ஸிலும் நூறு கிராமுக்கு 65க்கு மேல் மாவுச்சத்து உண்டு. மால்டிட்டால் இனிப்புக்காகச் சேர்க்கிற 'சர்க்கரை ஆல்கஹால்' வகை, போதை தருகிற ஆல்கஹால் இல்லை. அதே வகையில் எரித்ரிட்டால் ரத்தச் சர்க்கரையை அநேகமாக ஏற்றாது. மால்டிட்டால் வெள்ளைச் சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் ஏற்றத்தான் செய்யும். வயிறு உப்பியதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். சிறுகுடலில் முழுதாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிறது.

உறையில் 'நிகர மாவுச்சத்து' என்று ஒரு சின்ன எண் போட்டிருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். மொத்த மாவுச்சத்தில் நார்ச்சத்தையும் இந்த ஆல்கஹால் வகைகளையும் கழித்து வருகிற கணக்கு அது. கழிக்கப்பட்டது மால்டிட்டால் என்றால் கணக்கு உடம்பில் பலிக்காது. மொத்த மாவுச்சத்தைப் பாருங்கள், நார்ச்சத்தை மட்டும் கழியுங்கள்.

இன்னொன்று. விடியற்காலையில் உடம்பே சில ஹார்மோன்களைச் சுரந்து கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றும். இன்சுலின் வேலை செய்வதும் அந்த நேரத்தில் பலருக்கு மந்தம். மதியம் நாலு இட்லி தாங்குகிறவருக்குக் காலையில் அதே நாலு இட்லி தாங்காமல் போவது இதனால்தான். நாலு இட்லியில் 40 முதல் 50 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். ஆகக் காலை வேளையில் குறைப்பது நல்ல யோசனை. நீங்கள் வாங்கிய பார்தான் அதற்கு உதவாதது.

#5 போளூர் விவசாயி
எனக்கு 68 வயது. ஒரு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டும். நம் வட ஆற்காட்டில் கேவுருக் களியும் கூழும் தின்று வெயிலில் ஏர் ஓட்டினோம். அப்போது இந்த வியாதி இவ்வளவு இல்லை. முந்தின நாள் இரவே கேவுரு மாவில் முருங்கைக்கீரை போட்டு ரெண்டு அடை தட்டி டப்பாவில் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. எதற்குக் காசு கொடுத்துப் பார் தின்ன வேண்டும்?

#6 சத்துவாச்சாரி டயட்டீஷியன்
ஐயா, நீங்கள் சொல்லும் அடை எனக்கும் பிடித்தது. கேழ்வரகில் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, வேறு எந்தத் தானியத்திலும் அவ்வளவு கிடையாது. ஆனால் மாவுச்சத்து என்று பார்த்தால் அதிலும் நூறு கிராமுக்கு 70 கிராம் பக்கம் வருகிறது, அரிசிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நீங்கள் தின்ற களி ஏர் ஓட்டிக் கரைந்தது. இவர் தின்றுவிட்டு இரண்டு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து, பிறகு எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காருகிறார். ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' (INDIAB) ஆய்வு 2023ல் வெளியானபோது நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கு வந்தது. சாப்பாட்டோடு உழைப்பும் மாறியிருக்கிறது.

#7 போளூர் விவசாயி
ஒத்துக்கொள்கிறேன் அம்மா. அப்படியானால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை? எங்கள் பக்கம் அதைத்தான் அதிகம் போடுகிறோம். அவித்த மல்லாட்டை ரெண்டு கை தின்றால் மதியம் வரை பசி எடுக்காது.

#8 சத்துவாச்சாரி டயட்டீஷியன்
அதுதான் சரியான பொருள் ஐயா. வேர்க்கடலையில் நூறு கிராமுக்குப் புரதம் 25 கிராம், மாவுச்சத்து 16 கிராம், அதிலும் பாதி நார். அவித்து எடுத்துப் போனாலும் நல்லதுதான். ஆனால் கோடையில் மூடின டப்பாவில் வைத்தால் சில மணி நேரத்தில் நொசநொசத்துவிடும். வறுத்துப் பாராகக் கட்டினால்தான் பையில் நிற்கும்.

#9 வாலாஜா அடுப்படி
இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். வீட்டுக்காரருக்கும் சர்க்கரை. ராணிப்பேட்டை சிப்காட்டில் முதல் ஷிஃப்டுக்குப் போகிறார். ஒன்றரை வருடமாக நான் பார் செய்து கொடுக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கடலை மிட்டாய் எப்படி நிற்கிறது? பாகு இருப்பதால். கடலையை விட வெல்லம்தான் அங்கே வேலை செய்கிறது. கடையில் விற்கிற பாரிலும் அதே கதை, வெல்லத்துக்குப் பதில் பேரீச்சையோ தேனோ ஏதாவது ஒரு சிரப்போ இருக்கும். பார் என்றால் இனிப்பு என்று நினைக்கிற வரை மாவுச்சத்து குறையாது. நானும் ஆறு மாதம் ஸ்டீவியா, எரித்ரிட்டால் என்று சர்க்கரைக்கு மாற்றான இனிப்புகளைத் தேடி அலைந்தேன். எதுவும் பாகு மாதிரிப் பிடிக்காது. கையில் எடுத்தால் உதிர்ந்து போகும். அப்புறம் ஒருநாள் இட்லிப் பொடி இடித்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது: எதற்கு இனிப்பாக இருக்க வேண்டும்? காரமாகச் செய்தால் என்ன? இனிப்பை விட்டுவிட்டால் பாகு வேண்டாம், பாகு வேண்டாம் என்றால் முட்டை வெள்ளைக்கருவே பிடித்துக்கொள்ளும்.

செய்கிற விதம் சொல்கிறேன். வேர்க்கடலை 200 கிராம் வறுத்துத் தோலைப் புடைத்துவிட்டு, பாதியை ஒன்றிரண்டாக உடையுங்கள். மீதிப் பாதியை மிக்சியில் எண்ணெய் விடுகிற வரை விழுதாக ஓட்டுங்கள். சூடு ஏறும், விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். எள் 50 கிராம், பரங்கி விதை 50 கிராம், கொப்பரைத் துருவல் 50 கிராம், மூன்றையும் தனித்தனியாக வறுங்கள். சேர்த்து வறுத்தால் எள் கருகிவிடும். ஆளி விதை 30 கிராம் அன்றைக்கே பொடிக்க வேண்டும். காய்ந்த மிளகாய் நாலு, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, மிளகு, சீரகம், பெருங்காயம், உப்பு, இவற்றை வெறும் வாணலியில் வறுத்துப் பொடியுங்கள். பூண்டு பிடித்தால் நாலு பல் தட்டிச் சுருள வதக்கிச் சேருங்கள். இவ்வளவையும் மூன்று முட்டை வெள்ளைக்கருவோடு பிசைந்தால் கையில் ஒட்டாமல் உருண்டு வரும்.

தட்டில் நெய் தடவி, விரல் தடிமனுக்கு அழுத்துங்கள். இந்த அழுத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது, டம்ளரின் அடிப்பாகத்தால் நன்றாக அமுக்க வேண்டும். ஓடிஜி என்கிற மின்சார அவன் இருந்தால் 160 டிகிரியில் 25 நிமிடம். இல்லாதவர்கள் குக்கரில் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்புப் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் தட்டை வைத்துச் சிறு தீயில் அரை மணி. நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். சூடு பாதி ஆறியதும் 12 துண்டு போடுங்கள், முழுதாக ஆறின பிறகு வெட்டினால் நொறுங்கும்.

சைவக்காரர்கள் முட்டைக்குப் பதில் ஆளி விதைப் பொடியை மூன்று பங்கு தண்ணீரில் கால் மணி ஊறவையுங்கள், கொழகொழவென்று வரும். அதோடு கடலை விழுதை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். முட்டை அளவுக்கு இறுகாது, ஆனால் நிற்கும்.

#10 சத்துவாச்சாரி டயட்டீஷியன்
அக்கா, இந்தக் கார யோசனை எனக்குத் தோன்றியதே இல்லை. உங்கள் அளவை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு துண்டுக்குச் சுமார் 200 கலோரி, புரதம் ஏறக்குறைய 8 கிராம், மாவுச்சத்து 6 கிராமுக்குள், அதில் பாதிக்கு மேல் நார். இரண்டு துண்டு தின்றால் ஒரு வேளைக்குப் போதும். கொழுப்புதான் கலோரியைத் தூக்குகிறது, அதனால் 'மாவுச்சத்து இல்லையே' என்று நாலு துண்டு தின்னக் கூடாது. நார் அதிகம் என்பதால் கூடவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீரும் கட்டாயம்.

#11 ஆம்பூர் முதல் ஷிஃப்ட்
நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். எங்கள் லைனில் பாதிப்பேர் காலையில் டீயும் பன்னும்தான். பத்து மணிக்குக் கை நடுங்கி ஊசி தப்பும். இரண்டு வேன் பெண்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்னபடி மூன்று பங்கு செய்தோம். பரங்கி விதை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதை விட்டுவிட்டு அந்த எடைக்கு வேர்க்கடலையே கூட்டினோம், நன்றாகத்தான் வந்தது. கடை பார் ஒன்று வாங்கும் காசில் எங்களுக்கு ஐந்தாறு துண்டு தேறியது. எங்களில் யாருக்கும் சர்க்கரை இல்லை, பசி அடங்குவதற்காகத் தின்கிறோம். ஒன்று கேட்க வேண்டும் அக்கா, பொட்டுக்கடலை சேர்க்கலாமா? விலை குறைவு.

#12 வாலாஜா அடுப்படி
சேர்க்கலாம் தங்கச்சி, உங்களுக்குத் தடையில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் வேண்டாம். பொட்டுக்கடலையில் புரதம் இருந்தாலும் பாதிக்கு மேல் மாவுச்சத்து. பரங்கி விதை கடையில் வாங்காதீர்கள். பரங்கிக்காய் நறுக்கும்போது விதையைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்து வையுங்கள். உரிக்க நேரம் பிடிக்கும், டிவி பார்த்துக்கொண்டே உரிக்கலாம்.

#13 காட்பாடிப் பயணி
அக்கா, செய்து பார்த்தேன். முதல் தடவை நான் தவறு செய்துவிட்டேன். முட்டை வாசனை வருமோ என்று பயந்து, தேங்காய் எண்ணெயை உருக்கி ஊற்றி ஃப்ரிட்ஜில் இறுக்கினேன். வீட்டில் கல் மாதிரி இருந்தது. வாலாஜா ரோடு தாண்டுவதற்குள் பையில் பொடியாகி, எண்ணெய் காகிதத்தில் ஊறி, அலுவலக நோட்டு வரை இறங்கிவிட்டது.

#14 வாலாஜா அடுப்படி
தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும் தம்பி. மே மாதம் வேலூரில் 40ஐத் தாண்டுகிறது. ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வந்த கணமே அது எண்ணெய்தான். சாக்லேட் பூசின பாரும் நம் ஊருக்கு ஆகாது. வெந்து இறுகின முட்டை மட்டும்தான் வெயிலுக்கு அசையாது. மிளகும் பூண்டும் போட்டால் முட்டை வாசனை தெரியவே தெரியாது, நம்பிச் செய்யுங்கள். முட்டை போட்டதை ஃப்ரிட்ஜில் ஐந்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள். அன்றன்றைக்கு இரண்டு துண்டு மட்டும் எடுத்துப் போங்கள், மிச்சத்தை மாலை வரை பையில் வைக்க வேண்டாம்.

#15 குடியாத்தத்திலிருந்து
அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரையோடு சிறுநீரகமும் பாதித்திருக்கிறது, கிரியாட்டினின் 2.4. அவருக்கு இந்தக் கார பார் கொடுக்கலாமா? பல் இருப்பதால் கடித்துத் தின்பார்.

#16 சத்துவாச்சாரி டயட்டீஷியன்
கொடுக்காதீர்கள் தம்பி. கடலை, எள், விதைகள் எல்லாவற்றிலும் பாஸ்பரசும் பொட்டாசியமும் அதிகம், புரதமும் அதிகம். அந்தக் கிரியாட்டினினுக்கு இவை எவ்வளவு என்று அவருடைய சிறுநீரக டாக்டரும் அங்குள்ள உணவியலாளரும்தான் அளந்து சொல்ல வேண்டும். பொதுவில் நான் ஒரு அளவு சொன்னால் அது தப்பாகிவிடும். அடுத்த முறை போகும்போது இந்தப் பொருள் பட்டியலை எழுதி எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

#17 காட்பாடிப் பயணி
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இதை எல்லோரும் படிக்க வேண்டும்.

கார பார் சரியாக வந்தது. இரண்டு துண்டு, தண்ணீர், சர்க்கரை இல்லாத காபி. இரண்டு மணி நேரத்தில் 138, 131, 142. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழக்கமான மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டிருந்தேன், மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். போன செவ்வாய்க்கிழமை அரக்கோணத்துக்கு முன்பு வண்டி முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. அன்றைக்குப் பார் ஒரு துண்டுதான் தின்றிருந்தேன். திடீரென்று சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை, கை நடுக்கம், எதிரில் இருப்பவர் பேசுவது தூரத்தில் கேட்டது. மீட்டரில் 58. பையில் இருந்த இன்னொரு துண்டை அவசரமாகத் தின்றேன். கால் மணி கழித்து 56. ஏறவே இல்லை. எதிரில் இருந்த அம்மா தன் பேத்திக்கு வைத்திருந்த மாம்பழ ஜூஸைக் கொடுத்தார். அதைக் குடித்த பிறகுதான் உயிர் வந்தது. அவர் பெயர்கூடக் கேட்கவில்லை. பெரம்பூரில் இறங்கிப் போய்விட்டார்.

#18 சத்துவாச்சாரி டயட்டீஷியன்
சார், படித்ததும் பதறிவிட்டது. இதை நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். பொங்கல் தின்ற காலத்துக்கு எழுதின அளவு அது. மாவுச்சத்தைக் குறைத்தால் அந்த அளவு அதிகமாகிவிடும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதேதான். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் காத்திருக்கக் கூடாது. அதனால் பார் செய்வதற்கு முன்பு டாக்டரிடம் சொல்லி மாத்திரையைச் சரிசெய்ய வேண்டும். நீங்களாகவே மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

இரண்டாவது துண்டு ஏன் ஏற்றவில்லை என்றால், ஏற்றுவதற்கு அதில் எதுவும் இல்லை. கொழுப்பு வேறு, செரிமானத்தையே தாமதப்படுத்தும். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ, அதாவது 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுக் கால் மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். இந்தப் பார் தின்கிறவர் பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இல்லாமல் வீட்டுப் படி இறங்கக் கூடாது.

#19 வாலாஜா அடுப்படி
எங்கள் வீட்டுக்காரர் மெட்ஃபார்மின் மட்டும்தான் எடுக்கிறார், அதனால் எனக்கு இது தெரியாமல் போய்விட்டது. தம்பி, என் பதிவைப் படித்துச் செய்ததால் உங்களுக்கு இப்படி ஆனதே என்று இரண்டு நாளாக மனசு சரியில்லை. என் செய்முறைக்கு மேலேயே மேடம் சொன்னதைச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

#20 போளூர் விவசாயி
கடலை போட்டு விளைவிக்கிறவன் என்ற முறையில் இதையும் சொல்லிவிடுகிறேன். பயிர் எடுக்கும்போது மழை பிடித்த கடலை, சுருங்கினது, கறுத்தது, பச்சையாகப் பூஞ்சை படர்ந்தது, இவற்றைப் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும். விழுதாக அரைத்துவிட்டால் நல்லது கெட்டது கண்ணுக்குத் தெரியாது, அதனால் அரைக்கும் முன்பே பொறுக்க வேண்டும். கசக்கிற கடலை வாயில் பட்டால் துப்பிவிடுங்கள். தோலோடு வாங்கி உரித்துக்கொள்வது எப்போதும் நல்லது. உரித்த பருப்பு கோடையில் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். ஆளி விதைப் பொடி அதைவிடச் சீக்கிரம் கெடும், அந்த அம்மா அன்றைக்கே பொடிக்கச் சொன்னது நியாயமான பேச்சு.

#21 ஆம்பூர் முதல் ஷிஃப்ட்
ஐயா, கடலை எங்களுக்கு நேராக உங்கள் பக்கமிருந்து கிடைக்குமா? இப்போது வேனில் பதினான்கு பேர் ஆகிவிட்டோம், மாதம் பத்துப் பன்னிரண்டு கிலோ தேவைப்படுகிறது.

#22 போளூர் விவசாயி
கிடைக்கும் தாயி. அடுத்த அறுப்பு முடியட்டும், தனி மடலில் எழுதுகிறேன்.

#23 காட்பாடிப் பயணி
டாக்டரைப் பார்த்துவிட்டேன். மீட்டர் எண்களைத் தேதி போட்டு எழுதி எடுத்துப் போனேன், பொறுமையாகப் படித்தார். காலை கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு, மெட்ஃபார்மினை மட்டும் வைத்திருக்கிறார். முட்டையும் கடலையும் தாராளமாகத் தின்னச் சொன்னார். மூன்று மாதம் கழித்து மறுபடி எச்பிஏ1சி. இந்த வாரக் காலை எண்கள் 144, 139, 151, 140. 70க்குக் கீழே ஒருநாளும் போகவில்லை. சட்டைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறது.

எங்கள் பெட்டியில் தினமும் வருகிற மூன்று பேர் பார் கேட்டார்கள். ஒருவர் இன்சுலின் போடுகிறவர். முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வாலாஜா அக்காவுக்கு ஒரு கேள்வி. என் மகள் எட்டாம் வகுப்பு. அவளும் கேட்கிறாள், மிளகாய் அதிகம் என்கிறாள். என்ன செய்யலாம்?

#24 வாலாஜா அடுப்படி
பிள்ளைக்கு எதற்குத் தம்பி மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும்? இட்லி சாப்பிடட்டும். தொட்டுக்கொள்ள ஆசைப்பட்டால், மிளகாயை ஒன்றாகக் குறைத்து மிளகைக் கூட்டி ஒரு துண்டு கொடுங்கள்.